அஞ்சாவது தகடு

முடியுமுங்க சார். வெளியில இருந்தே அடைக்கலாம். போன்ல ஒரு தட்டு தட்டினா அந்த ரூமுக்குப் போற காத்து நின்னுரும். உள்ள இருக்கறவங்க என்ன பண்ணினாலும் வராதுங்க.

கரண்ட் மிச்சமாகும்னுதான் கேக்கறீங்க, தெரியுது. எல்லாரும் அதுக்குத்தான் கேப்பாங்க. ஆனா இந்தக் கேள்வி வந்தா எனக்கு ஒரு வீடு ஞாபகம் வந்துருதுங்க. உக்காருங்க சார், அந்த சிமெண்ட் மூட்டை மேலயே உக்காருங்க. டீ வரட்டும். வேலையை எனக்குக் குடுக்கறதா வேண்டாமான்னு நீங்க முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு விசயம் சொல்லோணும்.

என்ற பேரு பொன்னுரங்கம். உங்களுக்குத் தெரியும், விசிட்டிங் கார்டு குடுத்தேன். கத்தார்ல ஏழு வருசம் இந்த வேலைதானுங்க. கரூருக்குத் திரும்பி வந்தப்ப இங்க ரூமுக்கு ரூம் ஸ்பிளிட் ஏசி மாட்டிட்டு இருந்தாங்க. வீட்டுக்கு வெளிய நின்னு பாத்தா ஆறு டப்பா தொங்கும். நான்தான் சொன்னேன், மொட்டை மாடியில ஒரே மிஷின் வெச்சாப் போதும்னு. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல டக்ட், அதாவது காத்துக் குழாய் ஓடும். அதுல இருந்து ரூமுக்கு ஒரு கிளை, கிளை வாயில ஒரு தகடு. ரூம் சுவத்துல இருக்கற தெர்மோஸ்டாட்ல இருபத்தி நாலுன்னு வெச்சா தகடு தொறக்கும், குளிர் வந்துருச்சுன்னா அதுவே மூடிக்கும். ஒரு ரூமுக்கு இருபது, இன்னொண்ணுக்கு இருபத்தி ஏழு, அவங்கவங்க இஷ்டம். இதுக்கு ஜோன்னு பேரு. கரூர்ல முதல் முதலா ஜோன் வெச்சது நானுங்க. அதுல எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் இல்லைங்க.

போன வருசம் தை கடைசியில சென்னியப்பன்னு ஒரு முதலாளி கூப்பிட்டாரு. துண்டு, மேஜைத் துணியெல்லாம் எக்ஸ்போர்ட் பண்றவரு. நல்ல மனுசன். அடடா, பேரைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லீட்டேன். பாத்தீங்களா, இன்னும் அந்தப் புத்தி போகலைங்க.

வீட்டைச் சுத்திப் பாத்தேன். கீழ ஹாலு, அவரும் அவங்க சம்சாரம் ருக்குமணியம்மாவும் படுக்கற ரூமு, சின்னப் பொண்ணு சிந்துஜா ரூமு, ஒறம்பரை வந்தாத் தங்க ஒரு ரூமு. நாலு ஜோன்னு நோட்டுல எழுதினேன்.

"அஞ்சு போட்டுக்க. மாடியில ஒரு ரூம் இருக்குது. அதுதான் முக்கியம். அது எப்பவும் குளுகுளுன்னு இருக்கோணும்" அப்படின்னாரு.

"மேல என்னங்க வெச்சிருக்கீங்க?"

"கம்ப்யூட்டர்" அப்படின்னாரு. என்ற மூஞ்சியப் பாக்கலைங்க.

பாக்காத ரூமுக்கு நான் எப்படிங்க டக்ட் அளவு போடறது? ரெண்டாம் நாளு அவரு கம்பெனிக்குப் போனதும் அளவு டேப்பை எடுத்துட்டு மாடிப்படி ஏறினேன். கதவு பாதி தொறந்திருந்துச்சு. உள்ள இருந்து ஒரு குரல்.

"ஏசிக்கார அண்ணாங்களா? வாங்க. நானே கூப்பிட்டு அனுப்பலாம்னு இருந்தேன்."

போனேன். ஒரு பொண்ணு உக்காந்திருந்துச்சு. முப்பத்தி நாலு முப்பத்தஞ்சு வயசு இருக்கும். முன்னாடி ரெண்டு கம்ப்யூட்டர். கழுத்துல ஈரத்துண்டு, பக்கத்துல பெடஸ்டல் ஃபேன் வேகமா ஓடுது. முகத்துல ஒரு பக்கமும் கழுத்தும் வலது கையும் தோலு சுருங்கி இழுத்து மினுமினுன்னு இருந்துச்சு. நான் சுவத்தைப் பாத்தேன்.

"பரவால்லைங்ணா, பாருங்க. பாக்காம எப்படி அளவெடுப்பீங்க?" அப்படின்னு சிரிச்சுது.

அதுதான் மூத்த பொண்ணு, தேன்மொழி. பத்தொம்பது வயசுல அப்பாவோட சாயப்பட்டறைக்குப் போயிருக்குது. ஆவிக் குழாய் வெடிச்சு மேல அடிச்சிருக்குது. அன்னையில இருந்து மாடியிலதான். கம்பெனித் துண்டுக்கு வர்ற டிசைன் அத்தனையும் அந்த அம்மணி போடறதுதானுங்க. சாயம், பார்டரு, எல்லாம்.

"வெந்த தோல்ல வேர்வை வராதுங்ணா" அப்படின்னு சொல்லுச்சு. "பாதி உடம்புக்கு மேல எனக்கு வேர்க்காது. சூடு உள்ளயே நின்னுக்கும். மாசியில தலை சுத்த ஆரம்பிச்சா ஐப்பசி வரைக்கும் ஈரத்துண்டுதான். ஸ்பிளிட் ஏசி இருந்துச்சு, அந்தக் காத்து ஒரே பக்கம் மூஞ்சில அடிச்சாத் தோலு வெடிக்குது. உங்க மிஷின்ல காத்து எப்படி வரும்?"

இத்தனை வருசத்துல வீட்டுக்காரங்க யாரும் என்னைய அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லைங்க. எத்தனை ஸ்டாரு, என்ன கம்பெனி, அதோட சரி. நான் தரையில உக்காந்து படம் போட்டுக் காட்டினேன். நாலு மூலையிலயும் சின்னச் சின்ன கிரில் வெச்சா காத்து எறங்கறதே தெரியாதுன்னு சொன்னேன். தகடு தொறக்கறப்ப சத்தம் வருமான்னு கேட்டுச்சு. ஹால்ல இருக்கற மெயின் பேனல்ல எல்லா ரூமோட சூடும் தெரியும்னு சொன்னப்ப, "அப்ப நான் உசிரோட இருக்கறனா இல்லையான்னு கீழ இருந்தே பாத்துக்கலாம்" அப்படின்னு சிரிச்சுது. அதோட வலது கையில வெரல் மூணு ஒட்டிப் போயிருந்துச்சு. தொடுதிரை சரிப்படாது. கோயமுத்தூரெல்லாம் தேடி, திருகற குமிழும் சூடு காட்டற நம்பரும் வெச்ச தெர்மோஸ்டாட் ஒண்ணைப் புடிச்சுட்டு வந்து அதோட கைக்கு எட்டற உயரத்துல மாட்டினேன்.

மிஷினை ஓட்டின அன்னைக்கு அது குமிழை இருபத்தி மூணுக்குத் திருகிட்டு அப்படியே கண்ணை மூடி உக்காந்திருந்துச்சு. பாப்பாத்தியக்கா பக்கத்துல நின்னுட்டு இருந்தாங்க. அந்த வீட்டுல சமையலுக்கு இருக்கறவங்க, அம்பத்தஞ்சு வயசு இருக்கும். பதினஞ்சு வருசமா தினமும் அந்தப் பொண்ணு முதுகுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி விடறது அவங்கதான். கொஞ்ச நேரம் கழிச்சு அம்மணி சொல்லுச்சு:

"அக்கா, நாளைக்கு எனக்குச் சேலை கட்டி விடறீங்களா? கட்டி எத்தனை வருசமாச்சு."

பாப்பாத்தியக்கா அழுதுட்டாங்க. அந்தக் குமிழை மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களான்னு கேட்டேன். "எடுத்துக்கங்க"ன்னு சொல்லுச்சு. எடுத்தேன்.

கீழ வந்தப்ப முதலாளி தனியாக் கூப்பிட்டாரு. "பொன்னுரங்கம், சின்னவளுக்கு நாமக்கல் பக்கம் நல்ல எடம் வந்திருக்குது. மூத்தவ கோயமுத்தூர்ல காலேஜ்ல வேலை பாக்கறா, கல்யாணம் வேண்டாம்னுட்டான்னு சொல்லி வெச்சிருக்கோம். மாடி விசயம் உன்னோட இருக்கட்டும்." கையப் புடிச்சுட்டாரு. "என்ற பொண்ணு மேல சத்தியமுங்க முதலாளி"ன்னு நான் சொன்னேன். அவரு சத்தியமெல்லாம் கேக்கலைங்க. நானாத்தான் பண்ணினேன்.

பங்குனி கடைசியில நாமக்கல்ல இருந்து ஒருத்தரு போன் பண்ணினாரு. பரமசிவம்னு பேரு, போர்வெல் வண்டி வெச்சிருக்கறவரு, புதுசா வீடு கட்டறாரு. "கரூர்ல சென்னியப்பன் வீட்டுல நீங்கதான் பண்ணினீங்களாமே, பொண்ணு பாக்கப் போனப்ப வீடே ஊட்டி மாதிரி இருந்துச்சு" அப்படின்னாரு. அவருதானுங்க மாப்பிள்ளையோட அப்பா.

போனேன். பேசிட்டு இருக்கறப்ப, "அங்க எத்தனை ரூமுக்குப் போட்டீங்க?"ன்னு கேட்டாரு. அஞ்சுன்னேன். அவரு வெரல் விட்டு எண்ணினாரு. "ஹாலு, சம்பந்தி ரூமு, பொண்ணு ரூமு, ஒறம்பரை ரூமு. அஞ்சாவது?" மாடியில ஒண்ணுன்னேன். "மாடியில யாரு?"ன்னாரு. வாய் தவறி வந்துருச்சுங்க. அவ்வளவுதான். வேலை பேசற எடத்துல வாய் தவறாதுங்களா?

அதுக்கு மேல அவரு ஒண்ணும் கேக்கலை. "சரி, எங்க வீட்டுப் பொம்பளைங்க ஒருக்கா அந்த மிஷினைப் பாக்கோணும்ங்கறாங்க. நீங்களும் வந்து இருங்க" அப்படின்னாரு.

கத்திரி வெயில் தொடங்கி நாலாம் நாளு வந்தாங்க. மத்தியானம் மூணு மணி, ரெண்டு காரு, ஒம்பது பேரு. நான் ஹால் பேனல் பக்கத்துல நின்னுட்டு இருந்தேன். முதலாளி முன்கூட்டியே மாடிப்படிக் கதவை இந்தப் பக்கம் தாழ் போட்டுட்டாரு. அது எனக்குத் தெரியும். அம்மணி உள்ள இருக்குதுன்னும் தெரியும்.

ஒம்பது பேரு ஒரே எடத்துல, வாசக்கதவைத் தொறந்து தொறந்து மூடறாங்க. ஹாலு சீக்கிரம் குளுரலைங்க. முதலாளி என்ற காதுகிட்ட வந்து, "ஏப்பா, மத்த ரூமெல்லாம் அடைச்சுட்டு காத்தைப் பூரா ஹாலுக்குத் திருப்பி விடு. சம்பந்தி வேர்த்துட்டு உக்காந்திருக்காரு" அப்படின்னாரு.

"மேல ரூமுங்களா?"

"அஞ்சு நிமிசந்தானப்பா."

அடைச்சேன். பேனல்ல தட்டினது என்ற வெரல்தானுங்க. அஞ்சாவது தகடு மூடற சத்தம் எனக்கு மட்டும் கேட்டுச்சு, சின்னதா ஒரு டிக். ஹாலு ஜில்லுனு ஆயிருச்சு. எல்லாரும் "ஆகா"ன்னாங்க. பரமசிவம் சம்சாரம், "என்னென்ன ரூமுக்கு இது வேலை செய்யுதுங்க?"ன்னு கேட்டாங்க. நான் கத்தார் கதையெல்லாம் சொல்ல ஆரம்பிச்சேன்.

பேனல்ல அஞ்சு நம்பரும் வரிசையா நிக்கும். ஹாலு இருபத்தி ரெண்டு. மாடி ரூமு இருபத்தி நாலா இருந்தது இருபத்தி எட்டு ஆச்சு. மேல மொட்டை மாடி சார். ஏசி ரூமுன்னு ஜன்னலெல்லாம் நானே சந்து இல்லாம அடைச்சிருந்தேன். முப்பது. பலகாரம் வந்துச்சு. முப்பத்தி ஒண்ணு. நான் முதலாளியப் பாத்தேன். அவரு பாக்கலை. பாத்தாரோ என்னமோ. முப்பத்தி மூணு. ஒரு தட்டு தட்டினாப் போதும். தட்டினா மேல தகடு தொறக்கும், ஹால்ல காத்துச் சத்தம் மாறும், எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. என்ன பண்ணினீங்கன்னு கேப்பாங்க. பலகாரத் தட்டைக் கையில வெச்சுட்டு நின்னேனுங்க. ஜிலேபி. ஒரு வாய் தின்னேன்.

அப்ப பரமசிவம் சம்சாரம் பேனல்கிட்ட வந்துட்டாங்க. "இது என்னங்க, இது மட்டும் முப்பத்தி நாலுன்னு காட்டுது?"

ருக்குமணியம்மா, "அது ஸ்டோர் ரூமுங்க"ன்னாங்க.

அந்தம்மா என்னையப் பாத்தாங்க. நான், "ஆமாங்க, ஸ்டோர் ரூமு"ன்னேன்.

பாப்பாத்தியக்கா காப்பித் தட்டோட நின்னுட்டு இருந்தாங்க. அவங்களுக்கு நம்பரெல்லாம் படிக்கத் தெரியாது. ஆனா காதுல விழுந்துச்சு. தட்டைக் கீழ வெச்சாங்க. நேராப் போயி மாடிப்படித் தாழைத் தொறந்தாங்க. முதலாளி, "பாப்பாத்தி"ன்னாரு. அவங்க ஏறிப் போயிட்டாங்க.

கொஞ்ச நேரத்துல ரெண்டு பேரும் எறங்கி வந்தாங்க. அம்மணிக்கு நடக்க முடியலை, பாப்பாத்தியக்கா தோள்ல சாஞ்சுட்டு வருது. மூஞ்சி நல்லா இருக்கற பக்கம் செக்கச் செவேல்னு இருந்துச்சு. மஞ்சச் சேலை கட்டியிருந்துச்சுங்க. யாரையும் பாக்காம ஹால்ல கிரில்லுக்கு நேரா கீழ தரையில உக்காந்துருச்சு. சிந்துஜா ஓடி வந்து அக்காளைக் கட்டிப் புடிச்சுட்டு ஓன்னு அழுதுச்சு. பரமசிவம் சம்சாரந்தான் சோபால இருந்து எந்திரிச்சு, "தரையில எதுக்கு கண்ணு? இங்க உக்காரு"ன்னு எடம் விட்டாங்க. தண்ணியும் அவங்கதான் குடுத்தாங்க.

ஆனா காரு எடுக்கறப்ப பரமசிவம் முதலாளிய ஓரமாக் கூப்பிட்டுப் பேசினாரு. கல்யாணம் நிக்கலைங்க. கல்யாணத்துக்கு முன்னாடி மூத்த பொண்ணு வேற எடத்துல இருக்கட்டும், வர்றவங்க போறவங்க ஆயிரம் கேப்பாங்க, அவ்வளவுதான் அவரு கேட்டது. முதலாளி சரின்னுட்டாரு.

அடுத்த நாளு ஹால் பேனல்ல ஒரு சின்ன வேலைன்னு போயிருந்தேன். பாப்பாத்தியக்கா துணி மூட்டையோட வாசல் கேட்டுப் பக்கம் நின்னுட்டு இருந்தாங்க. ருக்குமணியம்மா சொன்னாங்க, "சம்பந்தி வீட்டுக்கு யாரோ சொல்லியிருக்காங்க பொன்னுரங்கம். வீட்டுக்குள்ள இருக்கறவங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? பதினஞ்சு வருசம் சோறு போட்டோம், இவதான் சொல்லியிருக்கா." பாப்பாத்தியக்கா, "என்ற வாய்ல இருந்து ஒரு வார்த்தை போயிருந்தா இந்தக் கண்ணு அவிஞ்சு போகட்டும்மா"ன்னாங்க. நான் கையில ஸ்க்ரூ டிரைவரோட நின்னேன். நாலடி தூரந்தாங்க. என்ற வாய் தொறக்கலை. நாமக்கல்ல அத்தனை ஈசியாத் தொறந்த வாயி.

டீ ஆறுதுங்க சார், குடிங்க.

ஆனி மாசம் முதலாளி மறுபடி கூப்பிட்டாரு. தாந்தோணிமலைப் பக்கம் ஒரு வாடகை வீடு, அங்க ஒரு ஸ்பிளிட் ஏசி மாட்டிக் குடுன்னாரு. போனா அம்மணி மட்டும் இருக்குது. ரெண்டு ரூமு, ஓட்டுக்குக் கீழ தெர்மாகோல் சீலிங்கு. என்ற ஆளுங்க ரெண்டு பேரும் வெளிய பைப்பு இழுத்துட்டு இருந்தாங்க. அம்மணி எனக்கு டம்ளர்ல தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு.

"பாப்பாத்தியக்காவை அனுப்பிட்டாங்கண்ணா. அவங்க சொல்லியிருக்க மாட்டாங்க. அம்மாகிட்ட எத்தனையோ தடவை சொல்லிப் பாத்துட்டேன். எண்ணெய் தடவிக்க ஆளில்லை, முதுகெல்லாம் வெடிச்சுப் போச்சு. யாரு சொல்லியிருப்பாங்கன்னு உங்களுக்கு ஏதாச்சும் தெரியுங்களா?"

அதுக்கு என்ற மேல சந்தேகமே இல்லைங்க. அதுதான் எனக்குத் தாங்கலை.

"நான்தானம்மா. வாய் தவறி வந்துருச்சு"ன்னேன்.

அது சுவத்தோரம் உக்காந்துச்சு. அப்புறம், "என்ன சொன்னீங்க? சொன்னதை அப்படியே சொல்லுங்ணா"ன்னுச்சு.

அப்பத்தானுங்க நான் உண்மையைச் சொன்னேன். உங்ககிட்டயும் இப்பத்தான் சொல்றேன். முன்னாடி சொன்னது பாதிதான். பரமசிவம் வீட்டுக்குக் கோயமுத்தூர்ல இருந்து ஒரு பெரிய கம்பெனிக்காரனும் வந்திருந்தான். டை கட்டிட்டு, வழவழன்னு புத்தகம் காட்டிட்டு உக்காந்திருந்தான். அவன் போனதும் நான் சொன்னேன், "இவங்களுக்கெல்லாம் புத்தகந்தானுங்க தெரியும். வேர்வையே வராத உடம்புக்கு நான் ரூம் செஞ்சிருக்கேன். சென்னியப்பன் முதலாளி மூத்த பொண்ணு, ஆவி பட்டு வெந்து போனது, இப்ப என்ற மிஷின்லதான் நல்லா இருக்குது. பாருங்க." போனை எடுத்து அந்தப் போட்டோவக் காட்டினேன். குமிழை மட்டுந்தான் எடுத்தேன்னு நினைச்சேன். திருகிட்டு இருக்கற அதோட கையும் அதுல விழுந்திருந்துச்சு. பரமசிவம் ரெண்டு வெரலை வெச்சு அந்தக் கையப் பெருசாக்கிப் பாத்தாரு. நான் பாத்துட்டு இருந்தேன். வேலை எனக்கே கிடைச்சுதுங்க.

எல்லாத்தையும் சொன்னேன். அம்மணி அழலை, திட்டலை. அதோட கையப் பாத்துக்கிச்சு. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு.

"அன்னைக்குப் பேனல்கிட்ட நீங்கதானுங்ணா நின்னீங்க?"

"ஆமாம்மா."

"என்ற ரூம் நம்பரும் அதுல தெரியுமில்ல?"

"தெரியும்."

"முப்பத்தி நாலு வரைக்கும் நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன். குமிழைத் திருகித் திருகிப் பாத்தேன். மிஷின் ரிப்பேர்னு நினைச்சேன். பொன்னுரங்கண்ணன் கீழதான் இருக்காருன்னு அக்கா சொல்லியிருந்தாங்க, நம்பர் பாத்தா ஓடி வந்துருவாருன்னு நினைச்சேன்."

சார், என்னைய யாரு வேணும்னாலும் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டட்டும். இந்த ஒரு வார்த்தை மட்டும் வேண்டாமுங்க.

தண்ணி டம்ளரை வாங்கி வெச்சுட்டு, "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது? பாப்பாத்தியக்காகிட்டப் போயிச் சொல்லுங்க"ன்னுச்சு.

பாப்பாத்தியக்கா ஒரு கொசுவலைக் கம்பெனியில வலை மடிக்கற வேலைக்குப் போயிட்டு இருந்தாங்க. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல போனேன். வேப்பமரத்தடியில தூக்குப்போசியத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருந்தாங்க. சொன்னேன். சோத்தைப் பிசைஞ்ச கை அப்படியே நின்னுச்சு.

"அந்த வீட்டுல சொல்லீட்டியா தம்பி?"

"இல்லைங்கக்கா."

"அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்ற? நான் சொல்லலைன்னு எனக்குத் தெரியாதா?" கையக் கழுவினாங்க. "வண்டி வெச்சிருக்கியில்ல? எடு."

கூட்டிட்டுப் போனேன். ஹால்ல முதலாளி கல்யாணப் பத்திரிகைக் கட்டைப் பிரிச்சு வெச்சு ஊருக்கு ஊரு பேரு எழுதிட்டு இருந்தாரு. பாப்பாத்தியக்கா வாசப்படியிலயே நின்னுட்டாங்க. நான் உள்ள போயி சொன்னேன். என்ற பொண்ணு மேல பண்ணின சத்தியத்தையும் ஞாபகப்படுத்தினேன். கால்ல விழுகறதுக்குக்கூடத் தயாராத்தான் போனேனுங்க.

அவரு நிமிந்துகூடப் பாக்கலை. "தெரியும்பா. சம்பந்தி அன்னைக்குக் காருகிட்டயே சொல்லீட்டாரு, மெக்கானிக் சொன்னான், போட்டோக்கூடக் காட்டினான்னு."

எனக்கு ஒண்ணும் புரியலை. "அப்புறம் ஏனுங்க முதலாளி பாப்பாத்தியக்காவை..."

"தாழைத் தொறந்து விட்டது யாரு?" அப்படின்னாரு. "நீ வெளியாளு, வாய் இருக்குது, சொன்னே. இவ வீட்டாளு. நான் போட்ட தாழை என்ற கண்ணு முன்னாடியே தொறந்தா. ருக்குமணி அவளுக்குத் தோணினதைச் சொன்னா, நானும் விட்டுட்டேன்."

வாசப்படியில இருந்து பாப்பாத்தியக்கா பேசினாங்க. குரலை உசத்தலை.

"ஆமாங்க, நான்தான் தொறந்தேன். அதுக்குப் போகச் சொல்லியிருந்தா அன்னைக்கே தலை நிமுந்து போயிருப்பேன். சொல்லாத பேச்சைச் சொன்னேன்னு பேர் வெச்சு அனுப்பினீங்களே. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

முதலாளி பத்திரிகையில என்னமோ எழுதினாரு. உள்ள ரூம் கதவுகிட்ட ருக்குமணியம்மா நின்னுட்டு இருந்தாங்க. எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் நின்னாங்க. "பாப்பாத்தி"ன்னு கூப்பிட வாயெடுத்தாங்க, அப்புறம் முந்தானையக் கடிச்சுட்டு உள்ள போயிட்டாங்க.

பாப்பாத்தியக்கா இப்ப அம்மணி கூடத்தானுங்க இருக்காங்க. கொசுவலைக் கம்பெனிய விட்டுட்டாங்க. அம்மணி அப்பா கம்பெனிக்கு டிசைன் போடறதை நிறுத்திட்டு வேற எக்ஸ்போர்ட்காரங்களுக்குப் போட்டுக் குடுக்குது, வாடகையெல்லாம் அதுவே பாத்துக்குதுன்னு கேள்வி. சிந்துஜா கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் போகலை. கல்யாணம் முடிஞ்ச கையோட மாப்பிள்ளையும் சிந்துஜாவும் நேரா தாந்தோணிமலைக்குத்தான் போனாங்களாம். நான் அந்தப் பக்கம் போறதில்லைங்க. ஏசி சர்வீஸுக்குக்கூட என்ற ஆளைத்தான் அனுப்பறேன். அவங்களும் என்னையக் கேக்கறதில்லையாம்.

இவ்வளவு சொல்லீட்டேன், மிச்சத்தையும் சொல்லீர்றேன். அன்னைக்கு நடந்ததுல ஒண்ணு இருக்குது. இது வரைக்கும் என்ற சம்சாரத்துக்கிட்டக்கூடச் சொல்லலை.

பாப்பாத்தியக்கா பேசி முடிச்சதும், "வா தம்பி, போலாம்"ன்னு சொல்லீட்டு வாசல் கேட்டுப் பக்கம் போயி நின்னாங்க. அங்க இருந்து பஸ் ஸ்டாண்டு ரெண்டு மைல் இருக்கும், நல்ல வெயிலு. கூட்டிட்டு வந்தவன் நான்தானே, நான்தான் கொண்டு போயி விடோணும். நானும் திரும்பினேன். அப்ப முதலாளி பேனாவை வெச்சுட்டு நிமிந்து பாத்தாரு. கோவமே இல்லைங்க மூஞ்சில. தெனமும் பேசற மாதிரிதான் பேசினாரு.

"வந்தது வந்துட்டே. ஹால்ல ரெண்டு நாளா காத்து கம்மியா வருது. சீலிங்குல பில்டர் அடைச்சிருக்குதான்னு பாத்துட்டுப் போ."

பாப்பாத்தியக்கா வாசல் கேட்டுப் பக்கம் நின்னு என்னையப் பாத்துட்டு இருந்தாங்க. முடியாதுங்கன்னு ஒரு வார்த்தை. நாளைக்கு வர்றேன்னாவது சொல்லியிருக்கலாம். அவரு மறுபடி பத்திரிகைக்குத் திரும்பிட்டாரு. நான் அப்படியே நின்னேன், எத்தனை நேரம்னு தெரியலை. கேட்டு தொறக்கற சத்தம் கேட்டுச்சு, அவங்க நடந்து போயிட்டாங்க.

ஏணி எங்கீங்க இருக்குதுன்னு கேட்டேனுங்க சார்.